ஷீலாவின் கட்டைவிரல்

சாங்வி, புனே
நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சியாமளாவுக்கு,

நீ சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு வாய் கூசுகிறது. ஏன் என்று கடைசிவரை படித்தால் உனக்கே தெரியும். நடுவில் கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு, கோபம் ஆறினதும் எடுத்துப் படி. ஆனால் படி.

தினமும்தான் நான் போன் செய்கிறேனே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்ல நாலு தடவை முயன்றேன். நான் வாயெடுப்பதற்குள் சாப்பிட்டாச்சா, பிரஷர் மாத்திரை போட்டாச்சா என்று நீ கேட்பாய். நானும் அதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்வேன். காகிதம் என்னைக் குறுக்கே எதுவும் கேட்காது.

வீட்டுச் செய்தியை முதலில் எழுதிவிடுகிறேன். பிரியா நேற்று பெங்களூரிலிருந்து பேசினாள். நம் பெண்ணின் தமிழ் நாளுக்கு நாள் மோசமாகிறது. “அப்பா, நீங்க டைம்க்கு கானா சாப்பிடறீங்க நா?” என்று கேட்கிறாள். எதிர் வீட்டு மராட்டிக்கார அம்மா, காக்கு, உன்னை விசாரித்தார், சங்கராந்திக்கு வருவாயா என்றார். தெரியாது என்றேன். கட்டடத்துக்கு இன்னும் டேங்கர் தண்ணீர்தான். காலையில் குளிர் விழ ஆரம்பித்துவிட்டது. உன் பழுப்பு ஸ்வெட்டரை பார்சலில் அனுப்பலாம் என்று எடுத்தேன், கோயமுத்தூரில் அதற்கு வேலை இருக்காது என்று மறுபடி அலமாரியில் வைத்துவிட்டேன். தொழிற்சாலையில் புது ஆர்டர், ஷிஃப்ட் முடிந்தும் ஒரு மணி நேரம் நிற்கச் சொல்கிறார்கள். நிற்கிறேன். சீக்கிரம் வந்து இங்கே என்ன செய்யப்போகிறேன்?

வியாழக்கிழமை சாயங்காலம் நான் கூப்பிட்டபோது “அப்புறம்” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாய். போனை அணைக்க மறந்துவிட்டாய். நான் அணைத்திருக்கலாம், அணைக்கவில்லை. நீ வாந்தி எடுத்தாய். குழாயைத் திறந்தாய். மறுபடியும் எடுத்தாய். நாற்காலியோ எதுவோ இழுபட்டது. அந்த வீட்டில் உன்னிடம் “என்ன ஆச்சு” என்று கேட்க ஒரு குரல் இல்லை. உன் தங்கை ஸ்ரீவித்யா திருப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் தங்கை இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுத்தானே போனாய்? அன்றைக்குத்தான் இந்தக் கடிதத்தை எழுதுவது என்று முடிவு செய்தேன். எழுத மூன்று நாளாகிவிட்டது.

இனி எழுதுவதில் பாதி உனக்குத் தெரிந்ததுதான். அது என் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்பது உனக்குத் தெரியாது.

பிரியா பிறந்த மறு வருஷம் உனக்கு இந்த ஒற்றைத் தலைவலி வந்தது. இருபத்து நாலு வருஷம். எத்தனை டாக்டர், எத்தனை ஸ்கேன். வலி வரப்போவது உனக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். நீ வரிசையாகக் கொட்டாவி விடுவாய். இடது கண் சிறுத்துப்போகும். கடுகு தாளிக்கிற வாசனைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வாய். நீ வந்து படுப்பதற்குள் நான் ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டிருப்பேன், காலிங் பெல்லை நிறுத்தியிருப்பேன். கணபதி பண்டிகைக்கு முன்னால் ஆற்றங்கரையில் டோல் மேளம் அடித்துப் பழகுகிறவர்களிடம் போய், “பாவு, ஆஜ் ஜரா லாம்ப் வாஜவா” என்று, கொஞ்சம் தள்ளிப்போய் அடிக்கச் சொல்லிக் கெஞ்சியிருப்பேன். உன் நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டுவதும், நீ வாந்தி எடுக்கும்போது கூந்தலைப் பிடித்துக்கொள்வதும் என் வேலை.

மற்ற நாட்களில் நீ யார்? பாங்க் ஆபீசர். என்னைவிடப் படித்தவள். எனக்கு இந்தியும் மராட்டியும் தட்டுத்தடுமாறி வரும், நீ மேனேஜரிடமே ஆங்கிலத்தில் வாதாடுகிறவள். பிரியாவை எங்கே படிக்க வைப்பது, வீட்டை எந்தப் பக்கம் வாங்குவது, எல்லாம் நீ முடிவு செய்தாய். சரியாகவே செய்தாய். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தலை வலிக்கிற நாளில் நீ கண்ணைத் திறக்காமலே கையை நீட்டுவாய். அது என் கைக்காக நீட்டுகிற கை. மாதத்தில் அந்த மூன்று நாலு நாட்களுக்காக நான் காத்திருந்தேன் என்று இத்தனை வருஷமும் எனக்கே தெரியாது. ஷீலா வந்த பிறகுதான் தெரிந்தது.

போன வருஷம் டிசம்பரில் பிரியா ஷீலாவின் நம்பரை அனுப்பினாள். ஷியாட்சு என்று ஜப்பான்காரர்களின் முறை, எண்ணெய் கிடையாது, விரலால் அழுத்துவது மட்டும்தான், தோழியின் அம்மாவுக்குத் தலைவலி நன்றாகக் குறைந்திருக்கிறது என்றாள். நான் சிரித்தேன். இருபத்து மூன்று வருஷமாக நான் அழுத்தாததையா என்றேன். உன் நரம்பு டாக்டர்கூட, மாத்திரையை நிறுத்தாமல் வேண்டுமானால் போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

போபோடியில் தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. முதல் நாள் உன்னோடு நானும் வந்தேன். ஏரவாடாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் என்று பேச்சிலேயே தெரிந்தது. “உள்ள வாங்கக்கா. அண்ணா, நீங்க பாஹர் உக்காருங்க,” என்று எனக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் காட்டினாள். கதவுக்குப் பதில் திரைதான். திரைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளியில் தரையில் விரித்த மெத்தையும் உன் பாதங்களும் தெரிந்தன. உடுத்திய சுடிதாரோடு படுத்திருந்தாய். அவள் முட்டி போட்டு உட்கார்ந்து உன் காலிலிருந்து ஆரம்பித்தாள். தலைவலிக்கு வந்தவளுக்குக் காலை எதற்கு அமுக்குகிறாள் என்று எனக்கு ஆத்திரம். பிறகு தோள். பிறகு பிடரியில், மண்டை எலும்பு முடிகிற இடத்தில் இருக்கிற இரண்டு குழிகள். “பலமே போடலக்கா, என் உடம்பு வெயிட்டத்தான் கட்டைவிரல்ல வெக்கறேன். மூச்சு விடுங்க, அவ்ளோதான்,” என்று அவள் சொல்வது கேட்டது.

அப்புறம் உன்னிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது முனகல் இல்லை. தலையில் சுமந்து வந்த மூட்டையை யாரோ வாங்கி இறக்கி வைத்தால் வருமே, அப்படி ஒன்று. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. ஷீலா வெளியே வந்து, “அக்கா தூங்கறாங்க, எழுப்பாதீங்க அண்ணா,” என்றாள். என் பெண்டாட்டி தூங்குகிறாள் என்று இன்னொருத்தி எனக்குச் சொல்கிறாள். ஸ்டூலில் உட்கார்ந்தபடி தலையை ஆட்டினேன்.

அவள் ஒரு ஆணாக இருந்திருந்தால் என் வயிற்றெரிச்சல் ஊருக்கே புரிந்திருக்கும். நீயே புரிந்துகொண்டு போவதை நிறுத்தியிருப்பாய். பெண்ணாகப் போய்விட்டாள். யாரிடம் போய் என்னவென்று சொல்வேன்?

ஜனவரியில் நாலு தடவை வந்த வலி, பிப்ரவரியில் இரண்டு, மார்ச்சில் இரண்டு, ஏப்ரலில் ஒன்று என்று ஆனது. வீட்டில் எதற்கெடுத்தாலும் ஷீலா. ஷீலா சீக்கிரம் படுக்கச் சொன்னாள். ஷீலா வெறும் வயிற்றோடு ஆபீஸ் போகக்கூடாது என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தேன். படுக்கப் போவதற்குள் பதினாறு தடவை அவள் பெயரைச் சொல்லிவிட்டாய். வெறும் வயிற்றோடு போகாதே என்று நான் எத்தனை வருஷம் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை ஓடி வந்திருக்கிறேன்!

மே மாதம் முழுக்க ஒரு நாள்கூட வலி வரவில்லை. நீ காக்குவிடம் சொன்னாய், ஸ்ரீவித்யாவிடம் சொன்னாய், இருபது வருஷத்துக்கு அப்புறம் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டாய், அந்த வாசனை தலையைக் குத்தவில்லை என்று. நானும் எல்லோரோடும் சேர்ந்து சந்தோஷப்பட்டேன். அந்த மே மாதம் முழுக்க நீ என் கையை ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை.

உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, போனில் வீடியோ பார்த்து நானும் அந்தக் குழிகளை அழுத்திப் பார்த்தேன். பத்து எண்ணுவதற்குள் நீ கழுத்தை விலக்கிக்கொண்டாய். “விடுங்க, வலிக்குது. ஷீலா கை வெச்சா அந்த இடமே வழி விடும். நீங்க ஸ்க்ரூ முடுக்கற மாதிரி இருக்கு,” என்று சொல்லிச் சிரித்தாய். விளையாட்டாகத்தான் சொன்னாய். நானும் சிரித்தேன். தொழிற்சாலையில் இழை அளவு வித்தியாசத்தை விரல் நுனியாலேயே சொல்கிறவன் என்று எனக்குப் பெயர். அந்தக் கையைப் பார்த்து நீ சிரித்தாய். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

ஜூன் மாதம் முதல் சனிக்கிழமை உன்னை அழைத்துப்போக வந்தவன் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டேன். திரைக்கு உள்ளே நீ ஷீலாவிடம் பேசிக்கொண்டிருந்தாய். பதவி உயர்வுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், வெளியூர் போட்டாலும் போடுவார்கள், அவரிடம் இன்னும் சொல்லவில்லை, எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று சொன்னாய். என்னிடம் சொல்லாததை அவளிடம் சொன்னாய். நான் சத்தம் போடாமல் படி இறங்கி, தையல் கடை வாசலில் நின்றுகொண்டேன். நீ வந்ததும் இப்போதுதான் வந்தேன் என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நீ குளிக்கப் போயிருந்தாய். சாப்பாட்டு மேஜையில் உன் போன் ஒலித்தது. அதன் ரகசிய எண் பிரியா பிறந்த தேதி. அது எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். நான் திறந்து பார்ப்பேன் என்று நீ ஒரு நாளும் நினைத்திருக்க மாட்டாய். ஷீலாதான் அனுப்பியிருந்தாள். அறையை மாற்றிவிட்டேன் அக்கா, நாளையிலிருந்து கட்கி பஜாருக்குப் பின்னால் இந்த இடத்துக்கு வாருங்கள் என்று விலாசம் எழுதியிருந்தாள்.

சியாமளா, அந்தச் செய்தியை நான் அழித்தேன். அவள் நம்பரிலிருந்து இனி எதுவும் வராதபடி தடுத்து வைத்தேன். அதற்கப்புறம் அவள் பெயருக்கு நேரே இருந்த நம்பரில் கடைசி எண்ணை மாற்றினேன். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. நீ தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மழையில் போபோடிக்குப் போய், அறை காலியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு நனைந்து திரும்பி வந்தாய். போன் செய்தாய். யாரோ ஒரு ஆள் மராட்டியில் எரிந்து விழுந்தான். அவள் நம்பரையும் மாற்றிவிட்டாள் என்று நினைத்துவிட்டாய். நீ நாற்காலியில் உட்கார்ந்து, “ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாளே,” என்று அழுதாய். வலிக்காக அழுததை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு மனுஷிக்காக நீ அழுதது அன்றுதான். அதுவும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. “இந்த மாதிரி ஆளுங்களை நம்ப முடியாது,” என்று சொல்லித் துண்டை எடுத்துக் கொடுத்தேன். இஞ்சி போட்டு டீ வைத்துக் கொடுத்தேன். பிரியா வேறு ஆள் பார்க்கட்டுமா என்று கேட்டபோது, வேண்டாம், ஒருத்தியிடம் பழகி ஏமாந்தது போதும் என்று சொல்லிவிட்டாய். எனக்கு வேலை மிச்சமாயிற்று.

மூன்றாவது வாரம் வலி வந்தது. ஜூலையில் மூன்று நாள் விடாமல் வந்ததே, அது. நான் லீவு போட்டேன். கம்பளி, ஈரத்துணி, வாந்திக்குப் பேசின், எல்லாம் பழையபடி. மூன்றாம் நாள் கண்ணை மூடிக்கொண்டே கையை நீட்டினாய். நான் பிடித்துக்கொண்டேன். “நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்,” என்றாய்.

அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். இதைத்தான் போனில் சொல்ல முடியவில்லை. நீ வலியில் துடித்துக்கொண்டிருந்தாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து சந்தோஷமாக இருந்தேன்.

ஆகஸ்டில் உனக்குப் பதவி உயர்வு வந்தது, கோயமுத்தூர் என்று போட்டார்கள். இந்தத் தலைவலியோடு தனியாகப் போக மாட்டாய் என்று நான் நம்பினேன். அன்றைக்கு நீ என்னிடம் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுத என்னால் முடியும். “என்னைப் பாத்துக்கவே உங்க லீவெல்லாம் போகுது. உங்களுக்கும் வயசாகுது. நான் அங்க போயிட்டா வித்யா பக்கத்துல இருக்கா, நீங்களாவது நிம்மதியா இருப்பீங்க.” வேலைக்காகப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். எனக்காகப் போகிறேன் என்றாய். அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். பெட்டி கட்ட உதவினேன்.

தீபாவளிக்கு வந்தாய். நாலு நாளில் இரண்டு நாள் இருட்டறையில் கிடந்தாய். கைக்கெட்டும் தூரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அன்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அப்போதும் சொல்லவில்லை.

இதற்கு மேல் இன்று எழுத வரவில்லை.

—

செவ்வாய்க்கிழமை

ஞாயிற்றுக்கிழமை எழுதியதை உறையில் போடாமல் வைத்திருந்தேன். எழுதினது மட்டும் போதாது என்று பட்டது. இன்று ஷிஃப்ட் முடிந்ததும் நேராக கட்கி பஜாருக்குப் போனேன். விலாசத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஜூன் மாதம் ஒரே தடவை படித்தது, அழித்த பிறகும் மறக்கவில்லை.

முதல் மாடி. இந்தத் தடவை கதவு இருந்தது. என்னைப் பார்த்ததும் ஷீலாவின் முகம் மாறியது. “அக்காவுக்கு என்ன ஆச்சு?” என்றாள். அதுதான் அவள் முதலில் கேட்டது. உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டாள்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அழித்தது, தடுத்தது, எண்ணை மாற்றியது. நான் முடித்ததும் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“நான் என்ன நினைச்சேன் தெரியுமா அண்ணா? எம் புருஷன் அடிச்சான்னு வுட்டுட்டு வந்த கதைய அக்காகிட்ட சொன்னேன். வேற யாருக்கிட்டயும் சொன்னதில்ல. அதுக்கப்புறம்தான் அக்கா வரல. போன் போட்டா போகல. பெரிய வீட்டுக்காரங்க, நம்ம கதையக் கேட்டுட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்கன்னு நினைச்சேன். ரெண்டு நாள் நான் யாரையும் தொடல. கை வெச்சா அழுகை வந்துச்சு.”

எனக்கும் உனக்கும் நடுவில் உள்ள சமாச்சாரம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் ஐந்து மாதமாக இப்படி ஒன்றைச் சுமந்துகொண்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. “அக்காவுக்கு வலி வரட்டும்னா இருந்தீங்க?” என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆமாம் என்றேன். அவள் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டாள். வெளியே அடுத்ததாக ஒரு அம்மா காத்திருந்தார். போகச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

நான் ஒன்று கேட்டேன். அந்த இடங்களை எனக்குச் சொல்லிக் கொடு, நான் லீவு போட்டுவிட்டு கோயமுத்தூர் போய் அவளுக்குச் செய்கிறேன் என்றேன். மனதுக்குள் ஒரு கணக்கு இருந்தது. ஷீலாவின் கையே என் கையாகிவிட்டால் நீ மறுபடி என்னிடம்தானே வருவாய்? அவள் ஜன்னலிலிருந்து திரும்பி வந்து, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, தன் முன்கையை நீட்டினாள். “அமுக்குங்க,” என்றாள். அமுக்கினேன். இரண்டு மூச்சு விட்டதும் கையை எடுத்துக்கொண்டாள்.

“பயந்து பயந்து அமுக்கறீங்க அண்ணா. போயிடப் போறாங்கன்னு புடிச்சு வெக்கற மாதிரி இருக்கு. அக்கா உடம்புக்கு அது தெரியும், இறுகிக்கும். நான் இத ரெண்டு வருஷம் படிச்சேன், அப்புறம்தான் ஒருத்தர் தலையில கை வெக்க வுட்டாங்க. உங்களுக்குச் சொல்லிக் குடுக்கணுமா வேணாமான்னு நீங்க கேக்கக் கூடாது, நானும் சொல்லக் கூடாது. அக்கா சொல்லட்டும். தலை அவங்களோடது.”

கோயமுத்தூரில் இதைச் செய்கிறவர் யாராவது உண்டா என்று மட்டும் கேட்டேன்.

கோயமுத்தூரில் சாய்பாபா காலனியில் ஆனந்தவல்லி என்று ஒருவர் இருக்கிறாராம். ஷீலாவோடு சேர்ந்து படித்தவர், ஒற்றைத் தலைவலிக்காரர்களை நிறையப் பார்க்கிறவர். விலாசத்தையும் நம்பரையும் ஷீலாவின் கையாலேயே எழுதித் தரச் சொன்னேன். என் கையால் எழுத எனக்கே நம்பிக்கை இல்லை. அந்தக் காகிதத்தை மடித்தபடியே இதோடு வைத்திருக்கிறேன். அதிலேயே ஷீலாவின் நம்பரும் இருக்கிறது, சரியான நம்பர். கிளம்பும்போது, “அக்காகிட்ட நீங்க மொதல்ல சொல்லுங்க. ஒரு வாரம் பாப்பேன். இல்லேன்னா நானே பிரியா மூலமா சொல்லிடுவேன்,” என்றாள். சொல்லிவிட்டு, இதையும் சேர்த்துக்கொண்டாள்: “வலி வந்த அன்னிக்குப் போக வேணாம், வலி இல்லாத நாளாப் பாத்து ஆரம்பிக்கச் சொல்லுங்க. டாக்டர் மாத்திரைய நிறுத்த வேணாம்.” கோபத்திலும் அவளுக்கு உன் தலைதான் நினைவு. படியில் இறங்கும்போது அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது. இந்தப் புத்தி ஒரே நாளில் போகிற புத்தி இல்லை போலிருக்கிறது.

ஆனந்தவல்லியை நான் பார்த்ததுகூட இல்லை. அதற்குள் அவர்மேல் பொறாமைப்பட ஆரம்பித்துவிட்டேன். நீ அங்கே போய்ப் படுப்பாய், மூச்சு விடுவாய், தூங்குவாய், அவரிடம் என்னைப் பற்றிச் சொல்வாய். இந்தக் கடிதத்தைப் பற்றியும் சொல்வாயாக இருக்கும். சொல். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் அது சரியாகத்தான் இருக்கும். நீ போக வேண்டும், அவ்வளவுதான். இந்த வாரமே போ. ஸ்ரீவித்யா வந்தால் போகலாம் என்று தள்ளிப்போடாதே.

அதற்கு முன்னால் ஷீலாவை ஒரு தடவை கூப்பிடு. அவள் உன்னை விட்டுப் போகவில்லை. நீயும் அவளைத் தள்ளி வைக்கவில்லை. நடுவில் நான் இருந்தேன். அதை அவளிடம் நான் சொல்லிவிட்டேன், ஆனாலும் உன் வாயால் கேட்டால்தான் அவளுக்கு ஆறும்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதி, அடித்துவிட்டேன். அதைக் கேட்பதும் உன் கையை நீட்டச் சொல்வது மாதிரிதான். நீ என்ன முடிவு செய்தாலும் சரி. கோயமுத்தூருக்கு வரட்டுமா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. வராதே என்றால் வர மாட்டேன். பிரியாவிடம் நீ சொன்னாலும் சரி, நான் சொல்ல வேண்டும் என்றாலும் சரி. கொஞ்ச நாளைக்கு நான் போன் செய்ய மாட்டேன். கோபம் வந்து அப்படிச் செய்கிறேன் என்று நினைக்காதே. நான் கூப்பிட்டால் முதலில் தலை எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பேன். அதைக் கேட்கும்போது என் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. ஆபீசில் அந்தப் பளீரென்ற விளக்குக்கு நேரே உட்காராதே, மேஜையைத் திருப்பிப் போடச் சொல். நீ இப்போது மேனேஜர், சொன்னால் கேட்பார்கள்.

உன் தலை லேசாக இருக்கட்டும். உன் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்தே இருக்கட்டும். யார் கையால் குணமானாலும் குணமாகட்டும், அது யாருடைய கை என்று இனி நான் கேட்க மாட்டேன்.

ஒன்றே ஒன்று மட்டும். எத்தனை மாதம் ஆனாலும் பரவாயில்லை. தலை துளிகூட வலிக்காத ஒரு நாளில், எந்தத் தேவையும் இல்லாத ஒரு நாளில், நீயாக ஒரு தடவை என்னைக் கூப்பிடு.

உன்
பக்தவத்சலம்